காளைக்குச் சட்டம், மனிதனுக்குக் கைதட்டல்

ஒலிம்பிக்ஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்கர்கள் உரிமை கொண்டாடலாம். ஆனால் காதில் கயிறு கட்டிக் காரை இழுப்பதும், சைக்கிளைப் பல்லால் கவ்வித் தூக்குவதும், உடம்பின் மேல் டிராக்டரை ஏறவிட்டு எழுந்து தூசி தட்டிக்கொள்வதும் அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதற்குப் பஞ்சாபில் பிறந்திருக்க வேண்டும். லூதியானாவிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் கிலா ராய்பூர் கிராமத்தில் 1933இல் தொடங்கிய விளையாட்டு விழாவைத்தான் எல்லோரும் 'கிராமத்து ஒலிம்பிக்ஸ்' என்று அழைக்கிறார்கள். குளிர் விடைபெறும் நேரத்தில், வயலில் கோதுமை பச்சையாக நிற்கும் நாட்களில், மூன்று நான்கு நாட்கள் நடக்கும் திருவிழா. அதைப் படம் எடுப்பதற்காகவே விமானம் ஏறி வரும் வெளிநாட்டுப் புகைப்படக்காரர்கள் உண்டு.

இதைத் தொடங்கிவைத்த இந்தர் சிங் கிரேவாலின் எண்ணம் எளிமையானது. சுற்று வட்டார விவசாயிகள் வருடத்துக்கு ஒரு முறை கூடித் தங்கள் உடல் வலுவைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். வயலில் சேர்த்த வலுவை மைதானத்தில் காட்டிப் பெருமைப்பட வேண்டும். அவ்வளவுதான். ஹாக்கி, கபடி, ஓட்டம், கயிறு இழுத்தல் என்று விழா வளர்ந்தது. இறந்துபோன மகனின் நினைவாக ஒரு தகப்பனார் 100 தோலா தங்கத்தில் செய்து கொடுத்த பகவந்த் கோப்பைக்காக ஹாக்கி அணிகள் மோதின. பெண்கள் ஓடினார்கள். 70 வயதைத் தாண்டிய தாத்தாக்கள், தலைப்பாகை அவிழாமல், பேரன்களின் கூச்சலுக்கு நடுவே 100 மீட்டர் ஓடினார்கள். நீல உடை நிஹாங்குகள் ஓடும் குதிரைகளின் மேல் நின்று சவாரி செய்தார்கள்.

ஆனால் கூட்டம் காத்திருந்தது காளைகளுக்காகத்தான். இலேசான சிறு வண்டி, ஜோடிக் காளைகள், பின்னால் தொற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுபவர், புழுதி. மாட்டு வண்டிப் பந்தயம் முடிந்தால் பாதி மைதானம் காலியாகிவிடும் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். பந்தயக் காளைக்கு நெய்யும் பாதாமும் ஊட்டி, வீட்டுப் பிள்ளையைவிட ஒரு படி மேலாக வளர்த்த குடும்பங்கள் இருந்தன. வாலை முறுக்கிக் கடிப்பது, ஆணி வைத்த குச்சியால் குத்துவது, போதை ஏற்றுவது என்று விலங்கு நல அமைப்புகள் அடுக்கிய புகார்களும் இருந்தன. இரண்டும் உண்மையாக இருப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. நேசிப்பதையே துன்புறுத்துவது மனிதனுக்குப் புதிதல்ல.

2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தமிழர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஜல்லிக்கட்டைத் தடை செய்த தீர்ப்பு அது. தமிழ்நாட்டில் பேசப்படாத விஷயம், அதே தீர்ப்பு நாடு முழுவதும் மாட்டு வண்டிப் பந்தயங்களையும் நிறுத்தியது என்பது. அலங்காநல்லூரில் வாடிவாசல் மூடியபோது கிலா ராய்பூரிலும் காளைகள் கொட்டிலுக்குத் திரும்பின. 2016 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் ஜல்லிக்கட்டோடு பஞ்சாப், மகாராஷ்டிரம் முதலிய மாநிலங்களின் வண்டிப் பந்தயங்களுக்கும் விலக்கு அளித்துப் பார்த்தது. சில நாட்களிலேயே நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு ஒரு மெரினா கிடைத்தது. பஞ்சாபுக்குக் கிடைக்கவில்லை.

காளைகள் ஓடாத அந்த ஆண்டுகளில் ஒன்றில், ஒரு சனிக்கிழமை, தில்லியிலிருந்து நான்கு நண்பர்கள் காரில் கிலா ராய்பூருக்குப் புறப்பட்டார்கள். கார், கரோல் பாகில் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் ஒரு சர்தார்ஜியுடையது. அவருடைய தாத்தாவின் ஊர் லூதியானா பக்கம். முன் இருக்கையில் வங்கி அதிகாரி ஒருவர். மதுரைக்கு அருகில் உள்ள வாடிப்பட்டிக்காரர். பின்னால் சித்தரஞ்சன் பார்க்கில் வசிக்கும் ஒரு பெண் வழக்கறிஞர். விலங்கு நல வழக்குகளில் ஆர்வம் உள்ளவர். அவர் பக்கத்தில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். வார விடுமுறையில் வேடிக்கை பார்க்கப் போவதுதான் நோக்கம். ஆனால் இந்த நால்வர் ஒரு காரில் ஏறிவிட்டால் வேடிக்கை வெளியே இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதிகாலை 5 மணிக்குக் கிளம்பியும் பனிமூட்டம் காரை மாட்டு வண்டி வேகத்தில்தான் போக விட்டது. சிங்கு எல்லையைக் கடக்கும்போது பேச்சு தானாக டிராக்டருக்குத் திரும்பியது. 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப் விவசாயிகள் டிராக்டர் டிராலிகளையே வீடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடம் அது. டிராக்டர் என்பது பஞ்சாபில் வாகனம் மட்டும் அல்ல, அந்தஸ்து என்றார் சர்தார்ஜி. பாதி அந்தஸ்து கடனில் வாங்கியது என்று பேராசிரியர் பின்னால் இருந்து சேர்த்தார்.

முர்த்தல் தாபாவில் வெண்ணெய்க் கட்டி உருகும் பராட்டாவுக்கு முன்னால் சண்டை சூடு பிடித்தது. ஜல்லிக்கட்டுக்காகத் தெருவில் நின்றவர் வாடிப்பட்டிக்காரர். 2014 தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் வழக்கறிஞர். அந்தத் தீர்ப்பு விலங்குகளுக்கு ஐந்து விடுதலைகளைப் பட்டியலிட்டது என்று அவர் விரல்விட்டு எண்ணினார். பசி தாகத்திலிருந்து விடுதலை. அச்சத்திலிருந்து விடுதலை. உடல் அசௌகரியத்திலிருந்து விடுதலை. வலி, காயம், நோயிலிருந்து விடுதலை. இயல்பாக நடந்துகொள்ளும் விடுதலை. ஓடப் பிறந்தது குதிரை, காளை அல்ல. அதை அச்சமும் வலியும் இல்லாமல் ஓடவைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். வாடிப்பட்டிக்காரர், வீட்டில் யாருக்கும் பயப்படாத தன் சித்தப்பா காளை செத்த அன்று மட்டும் அழுததைச் சொன்னார். பராட்டாவுக்கு முன்னால் இரண்டு வாதங்களும் ஒன்றை ஒன்று தொடாமல் கடந்து போயின. 2014க்குப் பிறகு நாட்டிலும் அப்படித்தான்.

பானிப்பட், கர்னால், அம்பாலா. பனி விலகியதும் சாலையின் இரு பக்கமும் கடுகு வயல்கள் மஞ்சளாக விரிந்தன. கன்னா தாண்டியதும் வேறொரு பயிர் தென்பட்டது: கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போக ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி தரும் நிலையங்களின் விளம்பரப் பலகைகள். இவர்கள் வந்த தேசிய நெடுஞ்சாலை 44, தெற்கே ஓசூர், சேலம், திண்டுக்கல் வழியாக வாடிப்பட்டியைத் தொட்டுக்கொண்டு கன்னியாகுமரி வரை போகிறது. இரண்டு காளை ஊர்களும் ஒரே சாலையில் கட்டப்பட்டிருப்பதாக வங்கி அதிகாரி சொன்னது மட்டும் யாராலும் மறுக்கப்படவில்லை.

மைதானம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. ஒரு பக்கம் ஜிலேபி, பக்கோடா, கரும்புச் சாறு. இன்னொரு பக்கம் பெண்கள் ஹாக்கி. மூச்சு விடாமல் பேசும் ஒலிபெருக்கி. காளைகள் இல்லாத குறையை மறைக்க நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் மிகுந்த கூட்டம் சேர்ந்தது சாகசங்களுக்கு. ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பல்லால் இழுத்தார். ஒருவர் தலைமுடியில் கயிறு கட்டி வேனை நகர்த்தினார். சைக்கிள்கள் செய்து நாடெங்கும் அனுப்பும் லூதியானாவுக்கு அரை மணி தூரத்தில், ஒருவர் சைக்கிளைப் பல்லில் கவ்வி, கைகளை விரித்து ஒரு சுற்று வந்தார்.

பிறகு ஒருவர் தரையில் படுத்தார்.

வயது 40 இருக்கலாம். சட்டையைக் கழற்றி மடித்து ஓரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். ஒலிபெருக்கி அவர் பெயரையும் அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் மூன்று முறை சொன்னது. டிராக்டர் மெதுவாக வந்தது. நூற்றுக்கணக்கான செல்போன்கள் உயர்ந்தன. சக்கரம் அவர் உடம்பின் மேல் ஏறி, ஒரு கணம் நின்றது போலத் தோன்றி, அந்தப் பக்கம் இறங்கியது. அவர் உடனே எழவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எழுந்தார். நான்கு திசைக்கும் திரும்பிக் கைகளை உயர்த்தினார். பிறகு கூட்டத்தின் ஓரமாக நடந்தார். 50, 100, எப்போதாவது ஒரு 500 ரூபாய் நோட்டு. எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்து, தேநீர் வாங்கப் போன வழக்கறிஞர் அவரைக் கூடாரத்தின் பின்னால் பார்த்தார். மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க அவருக்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

இதைத் திரும்பி வந்து சொன்னதும் அவரேதான். வாடிப்பட்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, குத்தல் இல்லாத குரலில், காலையில் எண்ணிய ஐந்து விடுதலைகளில் அந்த மனிதருக்கு எத்தனை கிடைத்திருக்கும் என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. பதிலும் சட்டத்தில் உண்டு. காளையால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அதனால் அதன் சார்பில் சட்டம் பேசுகிறது. மனிதனால் சொல்ல முடியும். டிராக்டருக்குக் கீழே படுத்தவர் தன் விருப்பத்தில் படுத்தார். வழக்கறிஞர் அதைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. விருப்பம் என்பது எங்கே முடிகிறது, பிழைப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

பேராசிரியர் விஷயத்தை வேறு இடத்திலிருந்து பிடித்தார். 1962இல் லூதியானாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கியபோது சுற்றிலும் இருந்த கிராமங்களில் உழுதது காளை, கரும்பு ஆலையைச் சுற்றியது காளை, கிணற்றிலிருந்து சக்கரம் சுழற்றி நீர் இறைத்ததும் காளை. புதிய கோதுமை வந்தது. அதோடு ஆழ்குழாய்க் கிணறும் டிராக்டரும் வந்தன. நாட்டின் பசி தீர்ந்தது, காளையின் வேலையும் தீர்ந்தது. அதற்கு மிஞ்சிய ஒரே உத்தியோகம் பந்தயம். 2014இல் அதுவும் போனது. மனிதனுக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். அறுவடைக்கு இயந்திரம், நடவுக்குப் பீகாரிலிருந்து வரும் தொழிலாளி. பஞ்சாபி உழவனின் பேர்போன உடல் வலுவுக்கு வயலில் இன்று இடம் குறைவு. வசதி உள்ள பிள்ளை விசா வாங்குகிறான். வசதி இல்லாதவனிடம் உடம்பு மட்டும் இருக்கிறது. அதைக் கொண்டு வந்து மைதானத்தில் காட்டுகிறான். வயலில் இருந்து காளையை விரட்டிய அதே டிராக்டர்தான் இங்கே மனிதனின் மேல் ஏறி இறங்குகிறது என்றார் அவர்.

சர்தார்ஜிக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வறுமை என்று எழுதிக் கோப்பை மூடாதீர்கள் என்றார். அவருடைய தாத்தா முதல் டிராக்டர் வந்த வருடம் உழவு மாடுகளை விற்றார். பந்தய ஜோடியை மட்டும் விற்கவில்லை. லாபக் கணக்குப் பார்த்திருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது பந்தய ஜோடிதான். மைதானத்தில் ஒலிபெருக்கி ஊர்ப் பெயரைச் சொல்லும் அந்த அரை நிமிடத்துக்கு அவர் ஆண்டு முழுவதும் காத்திருப்பார். நான்கு திசைக்கும் திரும்பிக் கையை உயர்த்திய அந்த மனிதரும் பிச்சை கேட்கவில்லை, தன் ஊரின் பெயரைக் கேட்கவைத்தார். பரிதாபப்படுவது அவரை அவமானப்படுத்துவது.

இதையும் தள்ளிவிட முடியாது. பெருமை மனிதனுக்கு ஒரு தேவை. ஆனால் பெருமைக்கும் பணத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கு இந்த மைதானத்தில் ஓடுகிறது, அதுதான் அச்சம் தருகிறது. ஓட்டப் பந்தயத்துக்கு எல்லைக் கோடு உண்டு. ஹாக்கிக்கு நேரம் உண்டு, நடுவர் உண்டு. சாகசத்துக்கு முடிவு கிடையாது. போன வருடம் மோட்டார் சைக்கிளை இழுத்தவர் இந்த வருடம் காரை இழுத்தால்தான் கைகள் தட்டும். ஆபத்து கூடக் கூட நோட்டுகளும் கூடும். அந்த நோட்டுகளை நீட்டுவது பார்க்க வந்தவர்கள்தான், தில்லியிலிருந்து காரில் வந்த நால்வர் உட்பட. அன்று அவர்களும் தலைக்கு 100 ரூபாய் கொடுத்திருந்தார்கள்.

வாடிப்பட்டிக்காரருக்கும் இந்த வாதத்தில் வெற்றி இல்லை. அவர் ஊர்ப் பக்கத்தில் இன்று ஜல்லிக்கட்டு சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாடு 2017இல் கொண்டுவந்த திருத்தத்தை 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஏற்றுக்கொண்டது. மகாராஷ்டிர, கர்நாடகத் திருத்தங்களும் அதோடு தப்பின. காளைக்கு மருத்துவப் பரிசோதனை, பிடிக்க இறங்கும் இளைஞனுக்கும் மருத்துவப் பரிசோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ் என்று எல்லாம் உண்டு. அப்படியும் பொங்கலுக்குப் பொங்கல் உயிர்கள் போகின்றன. விதிகள் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்பதை அவரே சொன்னார். ஆனால் அங்கே குறைந்தபட்சம், இறங்குபவனின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. யாரோ ஒருவர் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

இப்போது பஞ்சாபும் அந்த வழியில் வந்திருக்கிறது. 2025 ஜூலையில் அம்மாநிலச் சட்டமன்றம், மாட்டு வண்டிப் பந்தயத்தை அனுமதிக்க வகைசெய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. சட்டமன்றத்தில் காளைக்காகப் பேசியவர்கள் மரபைப் பற்றிப் பேசினார்கள். காளைக்காக எதிர்த்துப் பேசுபவர்கள் நீதிமன்றத்தில் வலியைப் பற்றிப் பேசுவார்கள். இரு தரப்பும் நெடுங்காலமாகக் காளையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதே மைதானத்தில், காளை இருந்த ஆண்டுகளிலும் இல்லாத ஆண்டுகளிலும், ஒரு மனிதர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தரையில் படுக்கிறார். அவர் வழக்கு எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

அதைத் தடை செய்ய வேண்டும் என்று சொல்வது எளிது. தடை அவரிடமிருந்து அந்த 100 ரூபாய் நோட்டுகளையும் ஊர்ப் பெயரையும் பறிக்கும், வேறொன்றும் கொடுக்காது. காளைக்கு 2014இல் நடந்தது அதுதானே. அதைவிடச் சிறிய, செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. கூட்டம் நீட்டும் நோட்டுக்குப் பதிலாக ஓட்டக்காரருக்கும் ஹாக்கி அணிக்கும் தருவதுபோல நிர்ணயித்த பரிசு கொடுத்தால், ஆபத்தைக் கூட்டினால் காசு கூடும் என்ற கணக்கு உடையும். காப்பீடு எடுக்கலாம். டிராக்டருக்கு அடியில் படுப்பதை விட்டுவிட்டு, அதே வலுவைத் தூக்குவதிலும் இழுப்பதிலும் அளந்து, எடை சொல்லி, சாதனை என்று எழுதி வைக்கலாம். இந்தர் சிங் கிரேவால் கேட்டது வலுவைச் சோதிக்க ஓர் இடம். உடம்பைப் பணயம் வைக்க அல்ல.

காளைகள் திரும்பும் நாளில் மைதானத்துக்குக் கால்நடை மருத்துவர் கட்டாயம் வருவார். கண்ணைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், முதுகில் குச்சிக் காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். வர வேண்டியதுதான். வரும்போது அதே ஜீப்பில் மனிதர்களைப் பார்க்கும் ஒரு டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வந்தால் நல்லது. கூடாரத்தின் பின்னால் ஒருவர் சட்டை போட்டுக்கொள்ள முடியாமல் நிற்கக்கூடும்.